பெரியம்மா விட்டுச்சென்ற கண்ணாடி வேஸ்கள்: முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீட்டுகிறேன். உங்களிடம் இருக்கும் ஏழு வேஸ்களும் (பூச்சாடிகளும்) முரானோ, அதாவது இத்தாலியில் வெனிஸ் பக்கத்துத் தீவில் செய்த பெயர்போன கண்ணாடி, என்று நீங்கள் எழுதிய கடைக்காரர் சொன்னது நடக்காத காரியம். ஒன்று முரானோவாக இருக்கலாம். மற்றவை இங்கிலாந்து, பின்லாந்து, அந்தக் காலச் செக்கோஸ்லோவாக்கியா, மால்டா என்று பல திசையிலிருந்து வந்தவை போலத் தெரிகிறது, கடைசியில் நீங்கள் "இது ஏதோ மட்டமான பொருள்" என்று ஒதுக்கி எழுதியிருக்கும் அந்தப் பொன்னிற மீன் வேஸ் நம் நாட்டிலேயே செய்தது, எனக்கு இந்தக் கூட்டத்தில் மிகவும் பிடித்ததும் அதுதான்.

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. பெரியம்மா 1960-களின் கடைசியில் நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போனார், ஓய்வு பெற்று மதுரை திரும்பும்போது ஆறு வேஸ்களைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார், அவர் காலமான பிறகு பெட்டி உங்கள் கைக்கு வந்தது. ஏழாவது அம்மாச்சி வீட்டு ஷோகேஸில் இருந்தது, அதே பெட்டியில் சேர்ந்துவிட்டது. என்ன, எங்கே, எப்போது செய்தது, ஏதாவது விலை போகுமா, வெள்ளை படிந்திருப்பதை எப்படிக் கழுவுவது என்பது உங்கள் கேள்வி.

"முரானோ" என்பது பழைய கண்ணாடி விற்கும் இடங்களில் எல்லா நிறக் கண்ணாடிக்கும் ஒட்டுகிற பெயராகிவிட்டது. செட்டிநாட்டுப் பக்கம் எந்த நிலைக்கண்ணாடியைக் காட்டினாலும் பெல்ஜியம் என்பார்களே, அந்த வழக்கம்தான். பெயர் தெரியாத பொருளுக்கு விலை உயர்ந்த பெயரைச் சூட்டுவதில் யாருக்கும் நஷ்டமில்லை, வாங்குகிறவரைத் தவிர.

சரி, எங்கே தொடங்குவது? நிறத்தில் தொடங்காதீர்கள். ஆரஞ்சு கண்ணாடியை 1960, 70-களில் ஐரோப்பாவில் செய்யாத ஆலையே இல்லை என்று சொல்லலாம், செலினியமும் காட்மியமும் சேர்த்தால் யாருக்கும் வரும். கோபால்ட் போட்டால் நீலம், மாங்கனீஸ் போட்டால் ஊதா, இரும்பு இருந்தால் பச்சை, இந்த வேதியியல் எல்லா ஊருக்கும் பொது. நிறம் உங்களுக்குக் காலத்தை வேண்டுமானால் கொஞ்சம் சொல்லும், ஊரைச் சொல்லாது. வேஸை எடுத்து, மெத்தையிலோ மடித்த துண்டிலோ கவிழ்த்து வைத்து, அடியைப் பாருங்கள். அந்தப் பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்பது அங்கேதான் எழுதியிருக்கிறது, எப்படிச் செய்தார்கள் என்பது தெரிந்தால் எங்கே என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

விளக்கமாகச் சொல்கிறேன். கையால் ஊதிச் செய்யும்போது, ஊதுகுழலின் நுனியில் இருக்கும் கண்ணாடிக் குமிழிக்கு அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, குழலிலிருந்து பிரித்து, வாயை விரித்து முடிப்பார்கள். கடைசியில் கம்பியைத் தட்டி உடைப்பார்கள். அந்த இடத்தில் ஒரு தழும்பு நிற்கும். அதற்குப் போன்டில் குறி என்று பெயர். சில ஆலைகள் அதை அப்படியே கரடுமுரடாக விட்டுவிடும், சில ஆலைகள் வட்டக் குழியாகத் தேய்த்து மெருகேற்றும், இன்னும் சில அடி முழுவதையுமே தட்டையாகத் தேய்த்துத் தழும்பு இருந்த இடமே தெரியாமல் செய்துவிடும். அச்சுக்குள் ஊதிய வேஸுக்கு இந்தக் கம்பி தேவைப்படாமலும் போகும், மேல் பக்கத்தை வெட்டி எடுத்து விளிம்பைத் தேய்த்தோ நெருப்பில் காட்டியோ மழுக்கிவிடுவார்கள். அழுத்திச் செய்த கண்ணாடி வேறு வகை: உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் ஊற்றி, மேலிருந்து ஓர் உலக்கையை இறக்கி அழுத்துவது. அதில் அச்சின் துண்டுகள் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு ஓடும், சில ஆலைகள் அதை வடிவத்தின் ஓரத்தில் ஒளித்துவைத்திருக்கும், நகத்தால் தடவினால் மாட்டும்.

இதில் ஒரு எளிய சோதனை உண்டு. விரலை உள்ளே விடுங்கள். வெளியே மேடும் பள்ளமுமாக இருந்து உள்ளே வழுவழுவென்று ஒரே சீராக இருந்தால் பெரும்பாலும் அழுத்திச் செய்தது. வெளியே மேடாக இருக்கும் இடத்தில் உள்ளே பள்ளம் தட்டுப்பட்டால் அச்சுக்குள் ஊதியது. கனமான இரட்டை அடுக்குக் கண்ணாடியில் இது ஏமாற்றும், அதனால் இன்னொன்றையும் பாருங்கள்: உலக்கை மேலே திரும்பி வந்தாக வேண்டும், ஆகவே அழுத்திச் செய்த பாத்திரம் உள்ளே வாயைவிட அகலமாக இருக்க முடியாது. கழுத்து குறுகி வயிறு பெருத்த எதுவும் அந்த முறையில் நேராக வந்திருக்காது.

அடியிலேயே பார்க்க வேண்டிய இன்னொன்று தேய்மானம். முப்பது நாற்பது வருடம் மேசையிலும் அலமாரியிலும் நகர்ந்த பொருளின் அடி ஓரத்தில், தரையைத் தொடும் வளையத்தில் மட்டும், பல திசையில் நுண்ணிய கீறல்கள் இருக்கும். எல்லாக் கீறலும் ஒரே திசையில் ஓடினால், அல்லது தரையைத் தொடாத குழிவிலும் கீறல் இருந்தால், யாரோ உப்புத்தாள் கொண்டு வயதைக் கூட்டியிருக்கிறார்கள். பெரியம்மா கடையில் நேராக வாங்கியவற்றில் இந்தக் கவலை இல்லை, ஆனால் இனி நீங்கள் வாங்கப்போனால் உதவும். ஒருமுறை இந்தப் பைத்தியம் பிடித்தால் வாங்கத்தான் செய்வீர்கள்.

இப்போது ஒவ்வொன்றாக.

மரப்பட்டை மாதிரிச் சொரசொரப்பான ஆரஞ்சு உருளை, உயரம் 19 செ.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். லண்டனில் வைட்ஃபிரையர்ஸ் என்ற ஆலை இருந்தது. ஃபிளீட் தெருவை ஒட்டிய பழைய ஆலை, 1834-இல் ஜேம்ஸ் பவல் என்பவர் வாங்கி, அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடத்தியது, 1923-இல் நகரத்துக்கு வெளியே வீல்ட்ஸ்டோனுக்கு மாறி, 1980-இல் மூடிவிட்டார்கள். அங்கே 1954-இல் வடிவமைப்பாளராகச் சேர்ந்தவர் ஜெஃப்ரி பாக்ஸ்டர். 1967-இல் அவர் கொண்டுவந்த வரிசைதான் இன்றைக்கு அந்த ஆலையின் பெயரையே தூக்கி நிறுத்துகிறது. மரப்பட்டை, ஆணி, கம்பி, செங்கல் என்று கிடைத்ததையெல்லாம் வைத்து அச்சின் உட்பக்கத்தை அமைத்து, அதற்குள் கண்ணாடியை ஊதவைத்தார். வரிசை தவறி அடுக்கிய செங்கல் போல ஒன்று, அதற்கு "குடிகாரக் கொத்தனார்" என்ற பொருளில் ஒரு செல்லப்பெயர், பாஞ்சோ வாத்திய வடிவில் இன்னொன்று, இவையெல்லாம் ஏலங்களில் பெரிய பெயர்கள். மரப்பட்டை வேஸ் அவ்வளவு அரியது அல்ல, நிறைய விற்ற பொருள். ஆறு, ஏழரை, ஒன்பது அங்குலம் என மூன்று உயரத்தில் வந்தது. உங்கள் 19 செ.மீ. என்பது ஏழரை அங்குலம். ஆரஞ்சு நிறத்தை ஆலை டாஞ்சரின் என்று அழைத்தது, அது 1969-இல் வந்தது, கூடவே கிங்ஃபிஷர் என்ற மீன்கொத்தி நீலமும். பெரியம்மா போன காலத்தோடு கச்சிதமாகப் பொருந்துகிறது.

உறுதி செய்ய என்ன பார்க்க வேண்டும்? இந்த ஆலை தன் பெயரைக் கண்ணாடியில் பொறிக்கவில்லை, காகித லேபிள் மட்டும்தான், அது முதல் கழுவலிலேயே போயிருக்கும். ஆகவே அடுக்கைப் பாருங்கள். வாய்விளிம்பைப் பக்கவாட்டில் வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே நிறம், வெளியே நிறமற்ற தெளிந்த கண்ணாடி ஒரு உறையாக இருப்பது தெரிய வேண்டும். அடியிலும் நிறம் தெளிந்த கண்ணாடிக்குள் மிதப்பதாகத் தெரியும். அடி தேய்த்து மெருகேற்றப்பட்டிருக்க வேண்டும். உறை இல்லாமல் முழுவதும் ஒரே நிறக் கண்ணாடி என்றால் சந்தேகப்படுங்கள்: அதே காலத்தில் மேற்கு ஜெர்மனியின் இங்ரிட் ஆலையும் மரப்பட்டைத் தோற்றத்தில் வேஸ்கள் செய்து தள்ளியது, பலர் அதை வைட்ஃபிரையர்ஸ் என்று நம்பி வாங்குகிறார்கள். போலிகளும் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் விலை அதிகமான பாஞ்சோ, கொத்தனார் இரண்டையும் குறிவைத்தவை. ஏழரை அங்குல மரப்பட்டையைப் போலி செய்து ஒருவன் பிழைக்க முடியாது.

அடுத்தது சிவப்பு, உயரமாக, இடையில் வளையம் வளையமாகப் புடைத்துக் குறுகுவது. வடிவத்தை வைத்துப் பார்த்தால் பின்லாந்தின் ரீஹிமாகி ஆலை. 1960, 70-களில் டமாரா அலாடின், நன்னி ஸ்டில், ஹெலனா டைனெல் என்று மூன்று பெண்கள் அங்கே வடிவமைத்த வேஸ்கள் பிரிட்டனில் சக்கைப்போடு போட்டன. இவையும் அச்சுக்குள் ஊதியவை, நிறத்தின் மேல் தெளிந்த உறை உண்டு, ஆனால் வெளிப்பக்கம் சொரசொரப்பில்லாமல் வழுவழு. அடியில் ஆலையின் பெயரோ எண்ணோ கீறியிருக்கிறதா, அல்லது அமிலத்தால் பதித்த சிறிய லின்க்ஸ் காட்டுப்பூனை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரியும், டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால் கண்ணுக்கே அகப்படாது. எதுவும் இல்லாமலும் நிறைய உண்டு. கையால் ஊதும் வேலையை அந்த ஆலை 1976-இல் நிறுத்திவிட்டது, ஆகவே ரீஹிமாகி என்று உறுதியானால் வேஸ் அந்த வருடத்துக்குப் பிற்பட்டதாக இருக்காது. சுவீடன் ஆலைகள் சிலவும் இதே வளைய வடிவத்தைச் செய்தன, அதனால் முத்திரை இல்லாவிட்டால் "ஸ்காண்டிநேவியா பக்கம், 1970-க்கு முன்பின்" என்று நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. (பின்லாந்தைச் சேர்ப்பது சரியா என்று புவியியல் ஆசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம், கண்ணாடிக்காரர்கள் சேர்த்துத்தான் சொல்வார்கள்.)

மூன்றாவது, நீலத்துக்கு வெளியே பச்சை, அதற்கு வெளியே தெளிந்த கண்ணாடி, பக்கங்கள் பட்டை தீட்டியது, தூக்கினால் கை வலிக்கும் கனம். இதுதான் முரானோ ஆக வாய்ப்புள்ள ஒன்று. வெனிஸ் நகரத்தில் தீவிபத்துக்குப் பயந்து உலைகளை எல்லாம் 1291-இல் பக்கத்துத் தீவான முரானோவுக்கு மாற்ற உத்தரவிட்டார்கள், அன்றிலிருந்து அங்கே நெருப்பு அணையவில்லை. ஒரு நிறத்தை இன்னொரு நிறத்துக்குள் முழுக்கி எடுக்கும் இந்த முறைக்கு சொம்மெர்சோ என்று பெயர். செகுசோ வெத்ரி தார்த்தே என்ற ஆலையில் இதைக் கலையாக வளர்த்தவர் ஃபிளாவியோ போலி, 1954-இல் இத்தாலியின் கொம்பாசோ தோரோ என்ற வடிவமைப்பு விருது வாங்கியவர். அதற்காக உங்கள் கையில் போலி இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். நான் சொல்வது ஃபிளாவியோ போலியை! அவர் கைப்பட வடிவமைத்தது இப்படிப் பட்டை தீட்டிய சிறு வேஸாக இருக்க வாய்ப்பு குறைவு. இவை சுற்றுலாப் பயணிகளுக்காகவும் ஏற்றுமதிக்காகவும் பல சிறு உலைகள் பல பத்தாண்டுகள் செய்த சரக்கு, பெரும்பாலும் கையெழுத்தே கிடையாது. பட்டைகளின் விளிம்பு கூர்மையாக, தட்டையாக இருக்கிறதா, உள்ளே நிறம் நடுவில் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். பிற்காலத்தில் சீனாவிலிருந்து வந்தவற்றில் அடுக்கு கோணலாக, பட்டை ஓரம் மழுங்கி இருப்பதைக் காணலாம். ஸ்டிக்கர் இருந்தாலும் அதை மட்டும் நம்பாதீர்கள், மினுமினுக்கும் தங்கத்தாள் ஸ்டிக்கர் ஒட்டுவது உலகத்திலேயே சுலபமான வேலை. முரானோ கண்ணாடிக்கென்று வெனெட்டோ மாநிலச் சட்டத்தின் கீழ் அதிகாரபூர்வ முத்திரை வந்ததே 1994-இல்தான், அந்த முத்திரை ஒட்டியிருந்தால் அது பெரியம்மாவின் இளமைக்காலப் பொருள் அல்ல.

ஸ்டிக்கர் பேச்சு வந்ததால் ஒரு சின்ன இடைச்செருகல். அதில் பெயரைவிட மற்ற சில்லறை விஷயங்கள்தான் அதிகம் பேசும். "செக்கோஸ்லோவாக்கியா" என்றிருந்தால் 1918-க்கும் 1992-க்கும் நடுவே. "மேற்கு ஜெர்மனி" என்றால் 1949 முதல் 1990 வரை. பார்கோடு இருந்தால் 1970-களின் நடுவுக்கு முன்னால் போகாது, இணைய முகவரி அச்சடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். பழைய பிரிட்டிஷ் கண்ணாடியில் ஆர்.டி. என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் அச்சிலேயே வந்திருக்கும்: அது வடிவப் பதிவு எண். 1884-இல் ஒன்றிலிருந்து தொடங்கியது, 1900 பிறக்கும்போது மூன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. பதிவேடுகள் லண்டனில் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆனால் அது வடிவத்தைப் பதிவு செய்த தேதி, அந்த வேஸ் அச்சிலிருந்து வெளிவந்த தேதி அல்ல. அச்சு தேயும்வரை பல வருடம் ஓட்டுவார்கள்.

நான்காவது, தேன் நிறம், உடம்பு முழுக்க வட்ட வட்டமாக லென்ஸ் பதித்த மாதிரி. இது நிச்சயம் அழுத்திச் செய்தது, அச்சுக் கோட்டைத் தேடினால் கிடைக்கும். செக்கோஸ்லோவாக்கியாவின் ரோசிட்சே ஆலையில் ருடால்ஃப் ஷ்ரோட்டர் 1950-களில் வடிவமைத்த லென்ஸ் வேஸ் இப்படித்தான் இருக்கும். இணையத்தில் இதை ஸ்க்லோ யூனியன் என்று போட்டு விற்பார்கள். அந்த நாட்டுக் கண்ணாடி ஆலைகளின் கூட்டமைப்பு அது, 1965-இல்தான் உண்டானது, அதனால் வடிவம் அதற்கு மூத்தது, இருந்தாலும் இந்தப் பெயரில் தேடினால்தான் படங்கள் கிடைக்கும், தேடிக்கொள்ளுங்கள். விலை பெரிதாக இல்லை. ஆனால் கம்யூனிஸ்ட் அரசு ஆலைகளில், இயந்திரத்தில், ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டிய மலிவுப் பொருளுக்கு ஷ்ரோட்டர், விஸ்னர், மத்துரா போன்ற நல்ல வடிவமைப்பாளர்களை உட்காரவைத்தார்களே, அந்த விஷயத்தில் எனக்கு இன்னும் வியப்புத்தான். வெளிச்சம் விழும் ஜன்னலில் வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு லென்ஸிலும் வெளிச்சம் விளையாடும்.

ஐந்தாவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடல் நீலமும் பச்சையும் மணல் நிறமும் கலந்து, அடியில் ஏதோ கிறுக்கியிருக்கிறது என்றீர்கள். அந்தக் கிறுக்கல் எம்-டி-ஐ-என்-ஏ என்று ஆரம்பித்தால் மால்டாவின் எம்டினா கிளாஸ். மைக்கேல் ஹாரிஸ் 1968-இல் அங்கே தொடங்கினார், 1972-இல் விட்டுவிட்டு இங்கிலாந்து திரும்பி 1973-இல் ஐல் ஆஃப் வைட் தீவில் வேறு ஆலை வைத்தார். மால்டா ஆலை அவருக்குப் பிறகும் தொடர்ந்தது. பெரியம்மா விடுமுறைக்கு மால்டா போய்வந்த போட்டோ ஏதாவது ஆல்பத்தில் இருக்கிறதா பாருங்கள், பிரிட்டனிலிருந்து அங்கே போனவர்கள் கையோடு வாங்கிவரும் பொருள் அது. சில அடிகளில் வருடமும் கீறியிருக்கும். கையெழுத்து ஹாரிஸ் பெயரிலேயே இருந்தால் மட்டும் உடனே எனக்கு எழுதுங்கள், அது வேறு கதை, வேறு விலை.

ஆறாவது, பச்சை கலந்த மஞ்சள், சிறியது. யுரேனியம் கண்ணாடியோ என்று நீங்களே கேட்டிருக்கிறீர்கள், நல்ல கேள்வி. ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் கடையில் கிடைக்கும், 365 அல்லது 395 நானோமீட்டர் என்று போட்டிருக்கும். இருட்டறையில் அடித்துப் பாருங்கள். யுரேனியம் என்றால் கண்ணைப் பறிக்கும் பச்சையில் முழு உடம்பும் எரியும், சந்தேகத்துக்கே இடமிருக்காது. மங்கலான பச்சை என்றால் மாங்கனீஸாக இருக்கலாம், மஞ்சளோ ஆரஞ்சோ தெரிந்தால் காட்மியம். 1830-களில் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) ரீடல் குடும்பத்து ஆலையில் இந்த யுரேனிய நிறங்களைப் பிரபலமாக்கி, அன்னா என்ற பெண்ணின் பெயரை வைத்தார்கள். இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட் ஊரின் டேவிட்சன் ஆலை 1889 முதல் மஞ்சளிலிருந்து பால் வெள்ளைக்கு மங்கும் வகையொன்றைச் செய்தது. பயப்பட வேண்டாமா என்றால், அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்குப் பயப்பட வேண்டாம். சேர்த்திருக்கும் யுரேனியம் வழக்கமாக எடையில் இரண்டு சதவீதத்தை ஒட்டி அல்லது அதற்குக் கீழ். அதில் எலுமிச்சை ஜூஸ் ஊற்றிக் குடிக்காதீர்கள், உடைந்தால் தூளை வெறுங்கையால் அள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது அந்த ஏழாவது. பொன்னும் ஆரஞ்சும் கலந்து, மேலே எண்ணெய் மிதக்கும் தண்ணீரின் மினுமினுப்பு, உடம்பில் ஒரு மீன் புடைப்பாகச் சுற்றியிருக்கிறது, கண்ணாடிக்குள் குமிழிகள், அச்சுக்கோடு பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. "திருவிழாக் கடை சரக்கு மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள், ஒரு வகையில் அது சரிதான். இந்த வகைக்கே கார்னிவல் கண்ணாடி என்றுதான் பெயர். அச்சிலிருந்து எடுத்த சூடு ஆறும் முன்பே உலோக உப்புக் கரைசலைத் தெளித்தால், மேலே மெல்லிய படலம் ஒட்டி இந்த வானவில் மினுக்கு வரும். அமெரிக்காவில் ஃபென்டன் ஆலை 1907-ஐ ஒட்டி இதை மலிவு விலையில் பரப்பியது, பிறகு ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று போனது. நம் ஊரில் செய்தது ஃபிரோசாபாத், ஆக்ராவுக்குப் பக்கத்தில், வளையலுக்குப் பேர்போன அதே ஊர். அங்கே ஜெயின் கிளாஸ் ஒர்க்ஸ் என்ற ஆலை 1930-களின் நடுவிலிருந்து கார்னிவல் கண்ணாடி செய்தது. மீன், யானை, வேஸைப் பிடித்திருக்கும் கை, பெண் தெய்வம் என்று அவர்கள் எடுத்த உருவங்கள் அமெரிக்காக்காரனுக்கோ ஐரோப்பியனுக்கோ தோன்றியிருக்காது.

அடியிலோ உடம்பின் கீழ்ப்பகுதியிலோ புடைப்பாக நான்கு ஆங்கில எழுத்து, ஜெ-ஏ-ஐ-என், இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அச்சு தேய்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். நிறத்தைத் தீர்மானிக்க மேலிருக்கும் மினுக்கைப் பார்க்காதீர்கள். வேஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அடிக்கண்ணாடியின் நிறத்தைப் பாருங்கள். கார்னிவல் சேகரிப்போர் அப்படித்தான் நிறம் சொல்வார்கள். உங்களுடையது அடியில் நிறமற்ற கண்ணாடி, மேலே ஆரஞ்சுப் படலம், அதாவது மேரிகோல்டு என்று நினைக்கிறேன். குமிழியும் அச்சுக்கோடும் இந்த ஆலைப் பொருளில் குறையாக எண்ண வேண்டியவை அல்ல, அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மேற்கில் இதைக் கவனிக்கத் தொடங்கியதே மிகத் தாமதமாகத்தான், அதற்குப் பிறகு இங்கிலாந்து, அமெரிக்கச் சேகரிப்போர் நம் ஊர்ப் பழைய சாமான் கடைகளிலிருந்து போன வேஸ்களைத் தேடி வாங்க ஆரம்பித்தார்கள். பெரியம்மா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஆறையும் ஷோகேஸின் முன்வரிசையில் வைத்துவிட்டு, அம்மாச்சியின் மீனைப் பின்னால் தள்ளியிருந்தார்கள் என்று எழுதினீர்கள். இடம் மாற்றிவைக்கலாம்.

விலை. இதில் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை வேறு, உண்மையில் விற்ற விலை வேறு. ஏலத் தளங்களில் "விற்று முடிந்தவை" என்ற வடிகட்டியைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். இந்த ஏழில் வீடு வாங்கித்தருகிற பொருள் ஒன்றும் தெரியவில்லை. வைட்ஃபிரையர்ஸ் மரப்பட்டை உறுதியானால் பிரிட்டனில் கேட்பவர்கள் உண்டு, மதுரையிலிருந்து பத்திரமாகக் கட்டி அனுப்பும் செலவைக் கழித்தால் மிஞ்சுவது சொற்பம். வாய்விளிம்பில் அரிசி அளவு சிதறல் இருந்தாலே விலை பாதிக்குக் கீழே விழும், விளிம்பை நகத்தால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். விளிம்பைத் தேய்த்துச் சரி செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள், உயரம் குறைந்துவிட்டால் அப்புறம் ஆலை அளவோடு ஒப்பிட்டு அடையாளமே சொல்ல முடியாது. யாராவது ஏழையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரே தொகை சொன்னால், அவருக்கு அதில் ஒன்று என்னவென்று தெரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவுவது: உள்ளே வெள்ளையாக இருப்பது நம் ஊர் உப்புத்தண்ணீர் படிவமா, கண்ணாடியே அரித்துப்போனதா என்று முதலில் தெரிய வேண்டும். வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து ஓர் இரவு ஊறவைத்துப் பஞ்சு கட்டிய குச்சியால் துடையுங்கள். உப்பு என்றால் போய்விடும். ஈரமாக இருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் அதே இடத்தில் திரும்பி வந்தால் அது அரிப்பு, எந்தப் பொடியும் அதை எடுக்காது, விட்டுவிடுங்கள். கார்னிவல் மீனுக்கு மட்டும் வினிகர் வேண்டாம், அந்தப் படலம் அமிலத்தில் கெட்டுவிடும். வெதுவெதுப்புக்கும் குறைவான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் போதும். சபீனா, சாம்பல், தேங்காய் நார் எதுவும் எதன் மேலும் படக் கூடாது. கனமான பட்டை வேஸைச் சுடுதண்ணீரில் வைத்தால் விரிசல் விடும், ஏசி அறையிலிருந்து எடுத்து நேராக மொட்டை மாடி வெயிலில் வைத்துப் படம் எடுப்பதும் அதே ஆபத்துதான். லேபிள் துணுக்கு எதிலாவது ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்கொண்டு உறுதி செய்ய எனக்கு வேண்டியவை: ஒவ்வொன்றின் உயரம், வாய், அடி இவற்றின் விட்டம் மில்லிமீட்டரில், எடை சமையலறைத் தராசில். பிரிட்டிஷ் ஆலைகள் அங்குலத்தில் யோசித்தவை, ஐரோப்பாக் கண்டத்து ஆலைகள் சென்டிமீட்டரில், அதனால் அளவே சில சமயம் ஊரைக் காட்டிக்கொடுக்கும். படம் பகலில், வெள்ளைத் தாளின் மேல், ஃபிளாஷ் இல்லாமல்: பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து விளிம்பு ஒன்று, கவிழ்த்து அடி ஒன்று, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒன்று. அடியில் எழுத்து இருந்தால் அதன் மேல் சாக்பீஸ் தூளை லேசாகத் தடவி எடுங்கள், கீறலில் தூள் நின்று எழுத்து தெளிவாக விழும். அவசரம் ஐந்தாவதுக்கும் ஏழாவதுக்கும்தான், அந்த இரண்டின் அடியை முதலில் அனுப்புங்கள். அப்படியே பெரியம்மா எந்த ஊர் மருத்துவமனையில், எந்த வருடத்திலிருந்து எதுவரை இருந்தார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி, வேஸ்களோடு அந்தப் பெட்டியிலேயே போட்டுவையுங்கள்.